இடது பக்கம் திரும்பும்போது உரசினால் தப்பு யார் மேல்? கார் – பைக் பஞ்சாயத்து

குரோம்பேட்டை_கணக்கர்

கார் ஓட்டுகிறவர்கள், பைக் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேரும் பதில் சொல்லுங்கள். மெயின் ரோட்டிலிருந்து கார் இடது பக்கத் தெருவுக்குள் திரும்புகிறது. இண்டிகேட்டர் போட்டாயிற்று. பின்னாலிருந்து இடது பக்கமாக வரும் பைக் வேகம் குறைக்காமல் அந்த இடைவெளிக்குள் நுழைந்து கதவில் இடிக்கிறது. தப்பு யாருடையது?

போன வாரம் சாயங்கால நெரிசலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் எனக்கு நடந்தது. பைக்கின் ஹேண்டில் பார் பின் கதவில் ஆரம்பித்து முன் கதவு வரை கோடு இழுத்து, கடைசியில் சைட் மிரரைப் பெயர்த்துவிட்டது. மிரர் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பைக் விழவில்லை, அவர் காலை ஊன்றிச் சமாளித்துவிட்டார். என்ன ஏது என்று நான் பார்ப்பதற்குள் பானட்டில் ஓங்கி ஒரு தட்டு. "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று ஆரம்பித்தது, அப்புறம் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு பைக்குகள் காருக்குக் குறுக்கே நின்றுவிட்டன. கண்ணாடியை இறக்கியதும் ஒருத்தர் உள்ளே கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். பின் சீட்டில் என் அம்மா. ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சாவியை வாங்கினேன். கதவுக்கு டிங்கரிங், பெயிண்ட், புது மிரர் எல்லாம் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் தொகை அதைப்போல் பல மடங்கு.

காசு போனது போகட்டும். அத்தனை பேரில் ஒருத்தர்கூட என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கார் என்றால் தப்பு கார் மேல். பைக்கும் லாரியும் என்றால் லாரி மேல். இது என்ன நியாயம்?

பல்சர்_பாண்டி

மூன்று கேள்வி சார். இண்டிகேட்டர் போட்டு எவ்வளவு நேரம் கழித்து ஸ்டியரிங்கை ஒடித்தீர்கள்? திரும்புவதற்கு முன் கார் இடது ஓரத்தில் இருந்ததா, நடுவில் இருந்ததா? இடது மிரரைப் பார்த்தீர்களா?

நாங்கள் ஆசைப்பட்டு இடது பக்கம் வரவில்லை. வலது பக்கம் போனால் பின்னால் வரும் கார் ஹை பீம் அடித்து விரட்டுகிறது. நடுவில் போனால் பஸ். மிச்சம் இருப்பது இடது ஓரம். அங்கே சொல்லாமல் நிற்கும் ஷேர் ஆட்டோ, ரோட்டுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நிற்கும் பாதாள சாக்கடை மூடி, மணல், எதிர்த்திசையில் வரும் தண்ணீர் கேன் வண்டி. கண் முழுக்கக் கீழேதான் இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்த கார் சட்டென்று மூக்கை நுழைத்தால் பிரேக் பிடிக்க இடம் ஏது?

பானட்டைத் தட்டியது தப்பு. சாவியை எடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் அவர் ஊன்றிய கால் உங்கள் காருக்கும் நடைபாதைக்கும் நடுவில் மாட்டியிருந்தால்? உங்களுக்குப் போவது பெயிண்ட். எங்களுக்குப் போவது முட்டி.

குரோம்பேட்டை_கணக்கர்

> எவ்வளவு நேரம் கழித்து ஸ்டியரிங்கை ஒடித்தீர்கள்?

ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டா கார் ஓட்டுவார்கள்? போட்டேன், திரும்பினேன். அந்த முனையில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும், அதனால் கொஞ்சம் வலது பக்கம் விலகித்தான் திரும்ப முடியும். மிரர் விரிந்துதான் இருந்தது. விரிந்திருந்ததால்தானே உடைந்தது! எங்கள் தெருவில் பாதிப் பேர் இடது மிரரை மடக்கி வைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்தச் செலவு இல்லை.

மஞ்சள்போர்டு_மணி

கணக்கர் சார், நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன், வேளச்சேரி ஏரியா. கடைசியாகச் சொன்னீர்களே, அந்த மிரர் விஷயம், அதில்தான் பாதிப் பிரச்சினை இருக்கிறது. பைக்காரர் தட்டிவிட்டுப் போகிறார் என்று கார்க்காரர் மிரரை மடக்குகிறார். மடக்கியதால் இடது பக்கம் வரும் பைக் தெரியவில்லை. தெரியாமல் ஒடிக்கிறார், பைக் மாட்டுகிறது. அந்தப் பைக்காரர் ஸ்டைலுக்காக மிரர்களைக் கழற்றிவிட்டு ஓட்டும் தம்பியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு பேருமே குருட்டாம்போக்கில் வருகிறார்கள்.

இடது பக்கம் திரும்ப ஒரு வழி இருக்கிறது. திரும்ப வேண்டிய தெருவுக்கு நாலைந்து கடைக்கு முன்னாலேயே இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, காரை மெதுவாக இடது ஓரத்தோடு ஒட்டிக் கொண்டுவந்துவிட வேண்டும். நடைபாதைக்கும் காருக்கும் நடுவில் பைக் நுழைய இடம் இருக்கக் கூடாது. இடம் விட்டால் அது தண்ணீர் மாதிரி வரத்தான் செய்யும், திட்டிப் பிரயோசனம் இல்லை. நம் ஆட்கள் செய்வது தலைகீழ். இடது பக்கம் திரும்ப முதலில் வலது பக்கம் வாங்குகிறார்கள், லாரி ஓட்டுவது போல. பின்னால் வரும் பைக்காரருக்கு அதைப் பார்த்தால் 'கார் வலது பக்கம் போகிறது, எனக்கு வழி விடுகிறது' என்றுதான் தோன்றும்.

ஷேர் ஆட்டோ நின்றால்? அதற்குப் பின்னால் நின்றுவிடுங்கள். பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும்.

கோர்ட்_குமாஸ்தா

மணி சொன்னது தொழில் தெரிந்தவர் பேச்சு. சட்டமும் அதையேதான் சொல்கிறது.

இடது பக்கம் திரும்புகிறவர், தான் போய்க்கொண்டிருக்கும் ரோட்டின் இடது ஓரத்தை முடிந்தவரை ஒட்டி வந்து, திரும்பியபின் நுழையும் ரோட்டிலும் இடது ஓரத்தை ஒட்டியே போக வேண்டும். முந்துகிறவர் வலது பக்கமாகத்தான் முந்த வேண்டும். முன்னால் இருப்பவர் வலது பக்கம் திரும்பப் போவதாகச் சைகை காட்டி நடுவுக்குப் போய்விட்டால் இடது பக்கமாகப் போகலாம். இந்த இரண்டும் 1989 சாலை விதிகளிலிருந்தே இருக்கின்றன. 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இப்போது அமலில் உள்ளன.

ஆகவே கணக்கர் கேட்ட கேள்விக்குப் பதில்: இடது பக்கம் முந்திய பைக் மேலும் தப்பு, விலகி வந்து திரும்பிய கார் மேலும் தப்பு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்துவிடுவார்கள். 'பெரிய வண்டி மேல்தான் தப்பு' என்று எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. அது ரோட்டோரத் தீர்ப்பு மட்டும்.

சாவி விஷயம் தனி. வழிமறித்து நிறுத்துவது, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 126ஆவது பிரிவு. கெட்ட வார்த்தைக்கு 296, அடித்தால் 115, மிரட்டினால் 351. ஐ.பி.சி. காலத்தில் 294(பி), 323, 506 என்று ஸ்டேஷன் வாசலில் டீ விற்பவருக்குக்கூட மனப்பாடமாக இருந்த அதே கூட்டணிதான். 2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறியிருக்கின்றன.

கோயம்புத்தூர்_ஸ்கூட்டி

நீங்க எல்லாம் இடிச்ச பிறகு நடக்கிற சண்டையைப் பேசறீங்க. இடிக்காமலேயே தினமும் நடக்கிறது ஒண்ணு இருக்குங்க.

அவினாசி ரோட்டில் நான் ஸ்கூட்டரில் போகும்போது, முன்னால் ரெட் சிக்னல் தெளிவாகத் தெரியும். அப்படியும் பின்னால் வரும் கார் ஹாரனை விடாமல் அழுத்தும். ஒதுங்கி வழி விட்டால், தாண்டும்போது வேண்டுமென்றே உரசுகிற மாதிரி ஒடித்துவிட்டுப் போவார்கள். ஜன்னலை இறக்கி "பொம்பளைங்களுக்கு எல்லாம் யார் லைசன்ஸ் கொடுத்தது" என்று ஒரு பிரசங்கம். அதே சிக்னலில் அவர் எனக்கு முன்னாடி நின்றுகொண்டுதான் இருப்பார். என் கணவர் அதே வண்டியில் அதே ரோட்டில் போகிறார், அவருக்கு இந்தப் பிரசங்கம் கிடைத்ததில்லை.

கதவு விஷயத்தையும் யாராவது பேசுங்க. பேக்கரி முன்னால் காரை நிறுத்திவிட்டு, பின்னால் பார்க்காமல் டிரைவர் கதவைத் தள்ளுவார். எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர் அப்படித்தான் கதவின் முனையில் அடிபட்டு ரோட்டின் நடுவில் விழுந்தார். பின்னால் பஸ் வராதது அவர் நல்ல நேரம். டிரைவர் சீட்டில் இருப்பவர் கதவை வலது கையால் திறக்காமல் இடது கையால் திறந்து பாருங்க. உடம்பு தானாகத் திரும்பும், கண் மிரரையும் பின்பக்கத்தையும் பார்த்துவிடும். இடது பக்கம் இறங்குகிறவர் வலது கையால் திறக்கணும். நெதர்லாந்தில் சைக்கிள்காரர்களுக்காகச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இது. என் குழந்தைகளுக்கு வந்துவிட்டது, வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் வரலை.

ஸ்கார்பியோ_ராஜா

டெலிவரி பசங்களை ரோட்டை விட்டு எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒன்வேயில் எதிரே வருவது, போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது, சிக்னலை மதிக்காதது எல்லாமே அவர்கள்தான். இதில் பைக்காரர்கள் பாவம் என்று வேறு எழுதுகிறீர்கள்.

டெலிவரி_தம்பி

ராஜா அண்ணா, ஒன்வேயில் வருகிறவர்கள் எங்களில் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருக்கும் இடங்களில் யூ-டர்ன் எடுக்க எவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தூரத்துக்குப் பெட்ரோல் என் காசு. போனைப் பார்ப்பது மேப்புக்காக. அதுவும் பாதி நேரம் மேப்பை மறைத்துக்கொண்டு கஸ்டமர் கால் வரும், "எங்க இருக்கீங்க?" என்று. அந்தக் கால் பெரும்பாலும் உங்களைப் போல் கார் வைத்திருப்பவர்கள் இருக்கும் அபார்ட்மெண்டிலிருந்துதான் வருகிறது.

சண்டை வந்தால் எனக்கு இன்னொரு பயம். பையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். நின்று நியாயம் பேசினால் அன்றைக்கு இன்சென்டிவ் போய்விடும். அதனால் தப்பு யார் மேல் இருந்தாலும் "சாரி சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

மட்டுறுத்துநர்

இதற்கு அடுத்து வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஊரை வைத்தும் தொழிலை வைத்தும் திட்டுபவர்களுக்கு இங்கே இடமில்லை. வண்டியைப் பற்றிப் பேசுங்கள்.

கிள்ளான்_வாசி

வணக்கம், மலேசியாவிலிருந்து. இங்கே நாங்கள் காருக்குக் காடி என்போம், பைக்குக்கு மோட்டார். நாங்களும் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள்தான், மோட்டாரும் ஏராளம். ஆனால் பெடரல் நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டாருக்கென்று தனிப் பாதை போட்டுவிட்டார்கள். காடியும் மோட்டாரும் ஒரே தாரில் ஓடுவதில்லை, நடுவில் தடுப்பு இருக்கிறது. அந்தப் பகுதியில் நீங்கள் சொல்லும் உரசல் சண்டை ரொம்பக் குறைவு.

எல்லாம் சொர்க்கம் இல்லை. சில இடங்களில் பாதை குறுகல், வளைவு, மழை பெய்தால் தண்ணீர். தனிப் பாதை இல்லாத மற்ற ரோடுகளில் வரிசையில் நிற்கும் காடிகளுக்கு நடுவில் மோட்டார்கள் புகுந்து போவது இங்கேயும் உண்டு, மிரர் பறப்பதும் உண்டு. மழை வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார்கள் மொத்தமாக நின்று ஒரு லேனையே அடைத்துவிடும், காடிக்காரர்கள் கடுப்பாவார்கள்.

பல்சர்_பாண்டி

> காடிகளுக்கு நடுவில் புகுந்து போவது

கலிபோர்னியாவில் 2017 முதல் இதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014 முதல், மெதுவாக நகரும் வரிசையில் 30 கி.மீ. வேகத்துக்குள் போனால் தப்பில்லை. அங்கே அது இரண்டு கார் வரிசைகளுக்கு நடுவில். நம் ஊரில் வரிசை என்று ஒன்று இருந்தால்தானே நடு என்று ஒன்று இருக்கும்? மூன்று லேன் ரோட்டில் ஐந்து வரிசை நிற்கிறது.

நாற்பத்தைந்து_டிகிரி

இதுவரை படித்ததில் பாண்டி முதலில் சொன்ன 'பெயிண்ட், முட்டி' வரியை யாரும் கண்டுகொள்ளாதது ஆச்சரியம். எனக்கு அதுதான் முழு விஷயமும்.

மத்திய அரசின் 2022 சாலை விபத்து அறிக்கையைப் பாருங்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு, 64,105. இறந்தவர்கள் 17,884.

கார் கதவில் கோடு விழுந்த நொடியில் கார்க்காரர் கேட்பது ஒரு 'கரக்' சத்தம். அதே நொடியில் பைக்காரருக்கு உயிர் போய்த் திரும்பி வருகிறது. கை நடுங்கும், வாய் உலரும். அந்த நடுக்கம் வெளியே வரும்போது அழுகையாக வராது, பானட்டில் அடியாகத்தான் வரும். அதைப் பார்க்கிற கார்க்காரருக்கு, தன் வண்டியையும் கெடுத்துவிட்டுத் தன்னையே அடிக்க வருகிறான் என்று தெரிகிறது. உள்ளே குடும்பம் இருந்தால் அவருக்கும் பயம். பயந்த இரண்டு பேர் தைரியசாலி மாதிரி நடிப்பதைத்தான் நாம் ரோட்டில் பார்க்கிறோம். கணக்கர் சார், உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் ஆயிரம் ரூபாயைக் கொடுத்திருப்பார்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் அந்தப் பைக்காரருக்கு அடிபட்டதா என்பது மட்டும் இல்லை.

மஞ்சள்போர்டு_மணி

இதைத்தான் எழுத வந்தேன், முந்திக்கொண்டார். எங்கள் ஸ்டாண்டில் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லும் முதல் பாடம், இறங்கியதும் "கண்ணு தெரியலையா" என்று ஆரம்பிக்காதே, "அடி பட்டுச்சாப்பா?" என்று கேள். தப்பு அவன் மேல் இருந்தாலும் கேள். பாதிக் கூட்டம் அங்கேயே கலைந்துவிடும்.

அப்புறம், நடு ரோட்டில் நிற்காதீர்கள். ஹஸார்ட் லைட்டைப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுக்குங்கள், "ஓரமா வா, பேசிக்கலாம்" என்று கையைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஓடுகிறான் என்று துரத்துவார்கள். ஜன்னலைப் பேச்சு கேட்கும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். சாவி போடும் வண்டி என்றால் இறங்குவதற்கு முன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

கோர்ட்_குமாஸ்தா

இதில் சட்டமும் கொஞ்சம் மனிதத்தன்மையோடு எழுதப்பட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134: ஒருவருக்குக் காயம் என்றால் ஓட்டுநர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்ய வேண்டும், கும்பலின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் தவிர. 'கும்பலின் ஆத்திரம்' சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. அப்படி அங்கிருந்து கிளம்ப நேர்ந்தால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அது ஓடிப்போனது ஆகிவிடும்.

செலவுக்குப் பயந்து யாரும் காயம்பட்டவரை ரோட்டில் விட வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

குரோம்பேட்டை_கணக்கர்

அவருக்கு அடி இல்லை, நன்றாகவே நடந்து வந்து தட்டினார்! சரி, விடுங்கள். மணி சொன்ன ஓரம் ஒட்டும் முறையை அதே தெரு முனையில் செய்து பார்க்கிறேன்.

குமாஸ்தா ஐயா, இரண்டு சந்தேகம். இப்போது புகார் கொடுத்தால் எடுப்பார்களா? கதவுச் செலவை அந்த பைக்கின் இன்சூரன்ஸில் கேட்க முடியுமா?

கோர்ட்_குமாஸ்தா

புகார் கொடுக்கலாம். வழிமறித்தது, சாவி பிடுங்கியது, பணம் வாங்கியது மூன்றையும் எழுதி, அந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே கொடுங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், முதலில் புகார் வந்ததற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். பைக் நம்பர் இல்லாமல் போனால் அது ரசீதோடு நிற்கும். கடைகளின் கேமரா பதிவு பழையதன் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், தாமதிக்காமல் போய்க் கேளுங்கள்.

இன்சூரன்ஸ்: சட்டப்படி முடியும். பைக்கின் தேர்ட் பார்ட்டி பாலிசி மற்றவர் சொத்துச் சேதத்துக்கும் பொறுப்பு. ஆனால் அதற்குத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், ஒரு கதவுக்காக யாரும் படி ஏறுவதில்லை. அந்த பைக்குக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு. 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புது பைக்குகளுக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி ஷோரூமிலேயே கட்டாயம், அது முடிந்தபின் பலர் புதுப்பிப்பதே இல்லை. உங்கள் சொந்த பாலிசியில் கேட்டால், கிளைம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போய்விடும். அது 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறும். நீங்கள் 50இல் இருந்தால் கையிலிருந்து கொடுப்பது லாபமா என்று கணக்கர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோயம்புத்தூர்_ஸ்கூட்டி

டாஷ்கேம் வைத்தால் இந்தத் தலைவலி இல்லைதானுங்களே? வீட்டில் வாங்கணும் என்று ஒரே பேச்சு.

மஞ்சள்போர்டு_மணி

வாங்குங்க மேடம், நான் வைத்திருக்கிறேன். போலீஸ்காரர் முன்னால் "கேமரா இருக்கு சார்" என்றாலே பேச்சு தணியும். ஆனால் முன் கண்ணாடியில் ஒட்டும் கேமராவுக்கு இடது கதவு தெரியாது. கணக்கர் சாருக்கு நடந்த மாதிரி என்றால், இண்டிகேட்டர் சத்தமும் 'கரக்' சத்தமும்தான் பதிவாகும், பைக் எவ்வளவு வேகத்தில் வந்தது என்று காட்டாது. அதற்குப் பின் கேமராவும் சேர்த்து இருக்கும் செட் வேண்டும். மெமரி கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம், வெயிலில் நிறுத்தும் வண்டியில் மலிவான கார்டு சீக்கிரம் செத்துவிடும், தேவைப்படும் அன்றைக்குப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எதுவும் வாங்குவதற்கு முன்னால் இடது மிரரின் மூலையில் ஒட்டும் சின்ன உருண்டைக் கண்ணாடி ஒன்று வாங்கி ஒட்டிவிடுங்கள். ஆக்சசரீஸ் கடையில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.